கங்காணி கணக்கு முதல் கான்ட்ராக்டர் கணக்கு வரை: முதலாளி பங்கை யார் கட்டுவது?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரி நிரம்பினால் வழியும் தண்ணீர் கீழே கிளியூர் அருவியாக விழுகிறது. சுற்றுலா வருபவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். அருவிக்குப் போகும் வழியெல்லாம் இருபக்கமும் இருக்கும் காப்பிச் செடிகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தச் செடிகளை முதலில் நட்டது யார், பழம் பறித்தது யார், பறித்தவர்களைக் கூட்டி வந்தது யார், கூட்டி வந்த செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்விகள் இன்று ஐ.டி. கம்பெனியிலும் ஆஸ்பத்திரியிலும் ஏர்போர்ட்டிலும் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பாட்டன் முப்பாட்டன் முறை.

இன்றைய கேள்வி இதுதான். ஒரு கம்பெனிக்காக ஒருவர் வேலை செய்கிறார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நடுவில் இருக்கும் இன்னொரு நிறுவனம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று சட்டம் 'முதலாளியின் பங்கு' கேட்கிறதே, அதை யார் கட்ட வேண்டும்? வேலை வாங்குபவரா, சம்பளம் கொடுப்பவரா, அல்லது (பெரும்பாலும் நடப்பது போல) சத்தமில்லாமல் வேலை செய்பவரேவா?

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் கொண்டு வந்தவர். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் பேசப்படும் பெயர். மலையில் ஏற்கனவே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்குச் சொந்த நிலமும் சாமையும் ராகியும் இருந்தன. துரைமார் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் கூலிக்குப் போகும் அவசியம் அவர்களுக்குக் குறைவு. எனவே ஆட்கள் சமவெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. தென்னிந்தியத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். துரைக்கு ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது. அங்கேதான் மேஸ்திரி நுழைந்தார்.

முறை எளிமையானது. துரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பார். மேஸ்திரி கிராமத்துக்குப் போய் அதில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்குக் கொடுப்பார். வாங்கியவர்கள் மலை ஏறி வந்து, அந்தப் பணம் கழியும் வரை வேலை செய்ய வேண்டும். மேஸ்திரிக்கு ஆட்கள் சம்பாதிக்கும் கூலியில் ஒரு விகிதம் கமிஷன். வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு, சில இடங்களில் போர்வைக்கும் கூட கணக்கு உண்டு. கடைசியில் எல்லாம் கூலியாளின் பெயரில் கடனாக எழுதப்படும். ஆள் பிடிக்கும் செலவு தொழில் நடத்துபவரின் செலவு. ஆனால் ஏட்டில் அது தொழிலாளியின் கடன்! இந்த ஒரு மாற்றெழுத்தில்தான் எல்லா வித்தையும் இருந்தது.

கடனை விட்டுவிட்டு ஓடினால்? அதற்கும் சட்டம் இருந்தது. 1859ஆம் வருட வேலை ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்ப இடம் கொடுத்தது. அது போதாதென்று தோட்டக்காரர்களுக்கென்றே 1903இல் மெட்ராஸ் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1859 சட்டம் 1925இல்தான் ரத்து செய்யப்பட்டது. ஒரு சிவில் கடனுக்குக் கிரிமினல் தண்டனை என்ற விநோதம் அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

கடல் தாண்டியவர்களின் கதை இன்னும் மோசம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மேஸ்திரிக்குப் பதில் கங்காணி. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு கங்காணியும் அவர் கூட்டமும் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்" என்று பழைய துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆனால் கட்டிய தொகை மறையாது, புதிய தோட்டத்தின் கணக்கில் கடனாக ஏறும். ஆட்கள் கிடைக்காத காலத்தில் தோட்டங்கள் போட்டி போட்டுக்கொண்டு துண்டுத் தொகையை ஏற்றின. அந்த ஏற்றத்தில் லாபம் கங்காணிக்கு, பாரம் கொழுந்து பறிப்பவருக்கு. 1921இல் இலங்கை அரசு துண்டு முறையை ஒழித்தது. 1923இல் வந்த சட்டத்தின்படி தோட்ட முதலாளிகள் பணம் போட்டு ஒரு குடியேற்ற நிதி உண்டானது. ஆள் கொண்டு வரும் செலவு அதன்பின் அந்த நிதியின் பொறுப்பு.

இந்த யோசனை இலங்கைக்கு முன்பே மலாயாவில் நடந்திருந்தது. கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான்.

1900களின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் பைத்தியம் பிடித்திருந்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு ஆட்கள் வேண்டும். ஒரு தோட்டம் கங்காணியை அனுப்பி, கப்பல் கட்டணம் கட்டி, நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை இறக்கும். பக்கத்துத் தோட்டமோ ஒரு பைசா செலவில்லாமல் இரண்டு சென்ட் கூலி அதிகம் கொடுத்து அவர்களை இழுத்துக்கொள்ளும். செலவு செய்தவன் முட்டாள், செய்யாதவன் புத்திசாலி என்று ஆகிவிட்டது. செலவை ஆளின் கடனாக எழுதினாலும், ஆள் ஓடிவிட்டால் கடன் காற்றோடு போச்சு.

அதற்கு 1907இல் ஒரு வழி கண்டார்கள். தமிழ்க் குடியேற்ற நிதி (பின்னாளில் இந்தியக் குடியேற்ற நிதி) என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் கொண்டு வந்திருந்தாலும் வராவிட்டாலும், தன்னிடம் எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி காலாண்டுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து கிராமத்திலிருந்து தோட்டம் வரை எல்லா வழிச்செலவும். வந்திறங்குபவர் கடன் இல்லாதவராக இறங்குவார்.

உற்றுப் பாருங்கள், இது அசல் சம்பளப் பட்டியல் வரி. ஆள் ஒன்றுக்கு, வேலை நாள் ஒன்றுக்கு, வேலை வாங்குபவர் கட்டுவது. ஆள் யார் மூலம் வந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. யார் தோட்டத்தில் வேலை நடந்ததோ அவர் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் துரைமாரின் தர்ம சிந்தனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தங்களுக்குள் நடந்த ஆள் திருட்டை நிறுத்தவும், ஆட்களின் வரத்தை ஏராளமாக்கவும்தான் அவர்கள் செய்தது. வரத்து ஏறினால் கூலி ஏறாது. அதாவது வெளியே தெரியாமல் அந்த வரியின் ஒரு பகுதி குறைந்த கூலியாகத் தொழிலாளியிடமே திரும்பி வந்திருக்கலாம். பொருளாதாரப் புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்: சட்டம் யார் கையிலிருந்து பணத்தை வாங்குகிறது என்பது ஒன்று, கடைசியில் யார் பையிலிருந்து போகிறது என்பது வேறு. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குறைந்த கூலிக்கு எதிராகப் பேரம் பேசலாம், ஸ்டிரைக் செய்யலாம், வேறு தோட்டத்துக்குப் போகலாம். பெயரில் எழுதப்பட்ட கடனோடு இதில் எதையும் செய்ய முடியாது.

மலாயாவில் கங்காணிகள் அதோடு மறைந்துவிடவில்லை. தன் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குத் தோட்டம் தலைக்காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. 1938இல் இந்திய அரசு கூலி வேலைக்கு மலாயா போக உதவி பெற்றுச் செல்வதைத் தடை செய்ததும்தான் அந்தக் கடை மூடியது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் லாயிட் ஜார்ஜ் 1911இல் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டு வந்தார். ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். இரண்டு பேர் பங்கையும் முதலாளியே முதலில் கட்டி, கார்டில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். தொழிலாளியின் 4 பென்ஸை மட்டும் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். தன் 3 பென்ஸைப் பிடிக்கக் கூடாது, வேறு விதமாக ஒப்பந்தம் போட்டிருந்தாலும் செல்லாது. இந்த வாக்கியம் பின்னால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறி வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் ஆரம்பம். அதே 1952இல் பி.எஃப். சட்டம், முதலில் ஆறே ஆறு தொழில்களுக்கு, முதலாளி பங்கு 6¼ சதவீதம். காப்பி, தேயிலை, ரப்பர் தோட்டங்கள் 1957இல் சேர்க்கப்பட்டன. (தோட்டத் தொழிலாளர்களின் வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் இவற்றுக்கு 1951ஆம் வருட தோட்டத் தொழிலாளர் சட்டம் தனியாக இருந்தது.)

இந்தியச் சட்டம் எழுதியவர்களுக்கு மேஸ்திரியையும் கங்காணியையும் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இரண்டு முதலாளிகள் இருந்தார்கள். முதன்மை முதலாளி ஒருவர், உடனடி முதலாளி ஒருவர். வேலை யாருடைய இடத்தில் நடக்கிறதோ அவர் முதன்மை முதலாளி, ஆளைக் கொண்டு வந்த கான்ட்ராக்டர் உடனடி முதலாளி. 40ஆம் பிரிவின்படி இரண்டு பங்கையும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி. 41ஆம் பிரிவின்படி அதை அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளி பங்கை இரண்டு பேரில் யாரும் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது. லாயிட் ஜார்ஜின் வாக்கியம் ஏறக்குறைய அப்படியே. பி.எஃப். சட்டத்தில் இதற்கு இணையான 8ஏ பிரிவு 1963இல் சேர்ந்தது. 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது.

சட்டம் இருந்தால் வழக்கும் இருக்கும். அவற்றில் சுவாரசியமானது ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கு. சினிமா தியேட்டர். உள்ளே ஒரு கேன்டீன், ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். இரண்டையும் தியேட்டர்காரர் காண்ட்ராக்டுக்கு விட்டிருந்தார். கான்ட்ராக்டர்கள் தங்களுக்கு வேண்டிய பையன்களைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஈ.எஸ்.ஐ. காரர்கள் வந்து தியேட்டர்காரரிடம் அந்தப் பையன்களுக்கும் பங்கு கேட்டார்கள். "நான் படம் காட்டுகிறேன், டீயும் சமோசாவும் விற்பது என் தொழிலா? அந்த ஆட்கள் யார் என்றே எனக்குத் தெரியாது" என்பது தியேட்டர் தரப்பு வாதத்தின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படம் பார்க்க கேன்டீன் அவசியமில்லைதான்.

1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். கேன்டீன் இல்லாமல் தியேட்டர் நடக்கலாம், அது கேள்வியில்லை. அந்த வேலை தியேட்டரின் தொழிலோடு தொடர்புடையதா, அதன் வளாகத்துக்குள் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்பதே பதில். எனவே தியேட்டர்காரர்தான் முதன்மை முதலாளி, அவர் கட்ட வேண்டும். இடைவேளையில் முறுக்கு விற்ற பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகும் உரிமை இந்தத் தீர்ப்பில் இருந்தது. மலாயாவின் 1907 கணக்கும் இதுவும் ஒன்றுதான்: ஆள் யார் மூலம் வந்தாலும், வேலை நடந்த இடத்தின் சொந்தக்காரர் பொறுப்பு.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

மாதம் 15,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. இன்ஷூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து 1 சதவீதம், 150. ஈ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட 3.25 சதவீதப்படி 487.50. மொத்தம் 2,437.50. எனவே அந்த ஆளின் உண்மையான விலை, கான்ட்ராக்டருக்கு ஒரு பைசா லாபம் இல்லாமலேயே, 17,437.50. கம்பெனி டெண்டர் விடுகிறது. ஒரு கான்ட்ராக்டர் தலைக்கு 17,500 கேட்கிறார். அவருக்கு மிஞ்சுவது 62 ரூபாய் 50 காசு. இதில் அவர் ஆபீஸ் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், பில் பாஸ் ஆகும் வரை கைக்காசு போட்டதற்கு வட்டி! இன்னொருவர் அதைவிடக் குறைத்துக் கேட்கிறார். சர்வீஸ் சார்ஜ் பூஜ்யத்தை ஒட்டி ஒப்பந்தப்புள்ளி போடுபவர்கள் சமூக சேவைக்காகப் போடவில்லை. பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கை எட்டும் இடத்தில் இருப்பது அந்த 2,437.50.

வழிகள் பல. 26 நாள் வேலை செய்தவருக்கு ஏட்டில் 15 நாள் காட்டுவது. 15,000 சம்பளத்தில் 8,000தான் கூலி, மீதி 'அலவன்ஸ்' என்று பிரிப்பது. பேங்க்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்குவது. இன்னொன்று முற்றிலும் சட்டப்படியானது: வேலைக்குச் சேரும்போதே "உன் சி.டி.சி. 17,500, அதில்தான் இரண்டு பங்கும்" என்று சொல்லிவிடுவது. சட்டம் தடுப்பது கூலியில் பிடிப்பதைத்தான். முதலிலேயே கூலியைக் குறைத்து எழுதிவிட்டால் பிடித்தம் என்ற பேச்சே இல்லை. (குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக முடியாது என்பது மட்டும் வேலி.) முதலாளி பங்கு என்பது அப்போது வெறும் பெயர்.

இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே ஐ.டி., ஆஸ்பத்திரி, பள்ளி, கட்டடம் என்று பல துறைகளில் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்கள் 'அம்ப்ரெல்லா கம்பெனி' என்ற ஒன்றின் ஊழியர்களாகச் சேருகிறார்கள். தனிக் கம்பெனி வைத்து வரியைக் குறைத்தவர்களைப் பிடிக்க 2000 ஏப்ரலில் ஐ.ஆர்.35 என்ற விதி வந்தது. அது 2017இல் அரசுத் துறையிலும் 2021இல் தனியார் துறையிலும் இறுக்கப்பட்டதும் குடைக்குள் ஒதுங்கியவர்கள் பெருகினார்கள். வாடிக்கைக் கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுக்கும், ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் ரேட்டைக் குடைக் கம்பெனிக்குக் கொடுக்கும். ஆள் எடுப்பவர் விளம்பரத்தில் சொல்வது அந்த ரேட். ஆனால் அது சம்பளம் இல்லை! அதிலிருந்து முதலாளியின் தேசிய இன்ஷூரன்ஸ் (2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம்), குடைக் கம்பெனியின் மார்ஜின் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் சம்பளம். அதற்குப் பின் தொழிலாளியின் சொந்த வரிகள் வேறு. முதல் பே ஸ்லிப்பைப் பார்த்து "முதலாளி வரியையும் நான் ஏன் கட்டுகிறேன்?" என்று கேட்காதவர் அங்கே குறைவு. "நீங்கள் கட்டவில்லை, உங்கள் சம்பளம் அவ்வளவுதான்" என்பது பதில். 1911இன் தடை இன்றும் இருக்கிறது. ரேட்டுக்கும் சம்பளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அது செயலிழந்து நிற்கிறது.

வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் மறைந்த குடைக் கம்பெனிகளும் உண்டு. அதனால் 2026 ஏப்ரல் முதல், குடைக் கம்பெனி கட்டத் தவறினால் ஏஜென்சியும், ஏஜென்சி இல்லாத இடத்தில் வாடிக்கைக் கம்பெனியும் பொறுப்பு என்ற மாற்றத்தை 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இந்தியா 1948இல் எழுதிய 40ஆம் பிரிவின் பக்கம் அவர்கள் மெல்ல வருகிறார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் இது அரசுக்குப் பணம் வராமல் போவதைத்தான் தடுக்கும். அந்த 15 சதவீதம் யார் ரேட்டிலிருந்து போகிறது என்பதை இது தொடவில்லை.

இந்தியாவிலும் சட்டம் மாறியிருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. மத்தியச் சட்டத்தில் 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் இப்போது 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். மேலிருப்பவரைப் பொறுப்பாக்கும் விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாசலை உயர்த்தினால் உள்ளே வருபவர்கள் குறைவார்கள். 49 பேரோடு நிறுத்திக்கொள்ளும் கலை கான்ட்ராக்டர்களுக்குப் புதிதல்ல.

மலாயா நிதியில் இந்த எண்ணிக்கை வாசல் இல்லை. தமிழ்த் தொழிலாளி ஒரு நாள் வேலை செய்தால் ஒரு நாளைக்குரிய பணம். ரேட்டில் அடங்குமா, கூலியில் அடங்குமா என்ற பேச்சும் இல்லை, ஏனென்றால் பணம் நடுவில் இருப்பவர் வழியாகப் போகவே இல்லை. தோட்டத்திலிருந்து நேராக நிதிக்குப் போனது. இன்றைக்கு ஆதார், யூ.ஏ.என்., ஆன்லைன் சலான் எல்லாம் இருக்கும் காலத்தில், ஒப்பந்தத் தொழிலாளிக்கான முதலாளி பங்கைக் கம்பெனியே நேரடியாக அவர் கணக்கில் கட்டிவிட்டு, கான்ட்ராக்டருக்கு அவருடைய கமிஷனை மட்டும் தனியாகக் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. டெண்டரில் போட்டி கமிஷனுக்கு மட்டும் நடக்கும், பி.எஃப். போட்டிக்கு வெளியே நிற்கும். பெரிய கம்பெனிகள் பல, போன மாத பி.எஃப். சலானைக் காட்டினால்தான் இந்த மாத பில் பாஸ் என்று வைத்திருக்கின்றன. அது பாதி வழி. சலானில் எத்தனை பேர் பெயர், எத்தனை நாள் கணக்கு என்று யாராவது வாசலில் கையெழுத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மீதி வழியும் ஆகும்.

ஏற்காட்டுக்குத் திரும்பினால், காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில் இன்றும் ஆட்களைக் கூட்டி வருபவருக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். பழைய தோட்டச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபோது, வருடத்தில் 60 நாளுக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்குத்தான். பி.எஃப். பொருந்த 20 பேர் வேண்டும். மூன்று ஏக்கர் காப்பிக்காட்டில் எட்டுப் பேர் ஒரு வாரம் பழம் பறித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு காட்டுக்காரருக்கும் அவர்கள் எட்டுப் பேர்தான். வருடம் முழுக்க அவர்களைக் கணக்கு வைத்திருப்பவர் மேஸ்திரி ஒருவரே, அதுவும் அவர் கொடுத்த முன்பணத்துக்காக.